பத்தாவது புகார்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணியின் தையல் கடையில் கூட்டம் குறையவில்லையே? என் தொண்டை மிக நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லக் காரணம், இனி என் பிழைப்பே அதை நம்பித்தான்.

மின்சார ரயிலில் நிலையங்களின் பெயரை அறிவிக்கப் புதுக் குரல் ஒன்று தேடினார்கள். அறுபது பேரில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விளம்பரங்களில் "இன்று மட்டுமே" என்று மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தவளுக்கு நின்று நிதானமாகப் பேச ஒரு வேலை. மொத்தம் இருபத்து மூன்று நிலையங்கள். பதினேழாவது எது தெரியுமா? நம் ஊர்.

பழைய குரலை ஏன் நீக்கினார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் ஊர்ப் பெயரை எங்களுக்கே அந்நியமாக்கிவிட்டது மேற்படி குரல்" என்று இருநூறு கையெழுத்தோடு போன மனுவை எழுதிய வக்கீலே நீதான். அந்த மனுவுக்குப் பயந்து இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் சோதனை ஓட்டம். நிலையத்துக்கு ஒரு புகார்ப் புத்தகம். ஏதாவது ஒரு பெயருக்குப் பத்துப் புகார் வந்துவிட்டால் ஆளையே மாற்றிவிடுவார்கள். மற்ற இருபத்திரண்டும் கூடப் போய்விடும்.

ஆகவே கேட்கிறேன். நம் ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது? என் வாயின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கு வருடம் முன்பு உன் புது அலுவலகத் திறப்பு விழாவில் அந்தப் பெயரைச் சொன்னேன். நாற்பது பேர் நடுவில் நீ, "அம்மா எந்த ஊரு? வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, மறுநாள் முதல் பேருந்தில் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. அதைக் கிளற இந்தக் கடிதம் இல்லை. நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியே நானும் சொல்லிவிடுகிறேன்.

வலியைத் தாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதே.

தங்கை

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

மார்ச் 3ஆம் தேதியிட்ட உன் கடிதம் 8ஆம் தேதி வந்து சேர்ந்தது. என் வலது முழங்கால், மாடிப்படி நீங்கலாக ஏனைய எல்லா இடங்களிலும் திருப்திகரமாக இயங்குகிறது. உன் அண்ணி நலம். இதை அவளிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே எழுதுகிறேன்.

உன் நியமனம் குறித்து எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. "அளவற்ற" என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துவதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் சொந்த ஊர் அந்தப் பதினேழாவது நிலையமே என்பதை இப்போதே எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள். பின்னாளில் யாரும் மறைத்தாய் என்று சொல்ல இடமிருக்கக் கூடாது.

உன் கேள்விக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெயரை இக்கடிதத்தில் நான் எழுதவில்லை, எழுதிப் பயனும் இல்லை. தாளில் அது எல்லோருக்கும் ஒன்றே, ஐந்து அசை. உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் வாயில் இருக்கிறது. மனுவைப் பொறுத்தவரை, பழைய குரல் தவறு என்று அதில் கூறியிருந்தேனே தவிர, எது சரி என்று எங்கும் கூறவில்லை. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. எனவே முறையான விசாரணை ஒன்றை மேற்கொண்டு, முடிவை உனக்கு அறிவிக்கிறேன்.

தொலைபேசியில் கேட்க வேண்டாம். அந்த இரைச்சலில் கேட்பது எதுவும் சான்றாகாது.

உன் கடிதத்தின் இறுதிப் பகுதியில் திறப்பு விழா தொடர்பாகக் கூறப்பட்டவை கவனிக்கப்பட்டன.

குளிர்ந்த நீர் அருந்தாதே.

அண்ணன்

மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

"கவனிக்கப்பட்டன" என்பதை இரண்டு தடவை படித்தேன். போகட்டும். எல்லோரும் சுகமாக இருந்தால் சரி.

இருபத்திரண்டு பெயர்களும் முடிந்துவிட்டன. ஒலிப்பதிவு அறை என் சமையலறையில் பாதி; சுவரெல்லாம் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பொறியாளரை எல்லோரும் காதுக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். நான் எச்சில் விழுங்கினால் அவருக்குக் கேட்கும். நேற்று நம் ஊர்ப் பெயரை முப்பது தடவை சொல்ல வைத்தார். ஐந்து அசையையும் நிறுத்திச் சொன்னேன். விழுங்கிச் சொன்னேன். பிறகு அவர் சொன்னார்: "மேடம், பேரைச் சொல்லுங்க. பேருக்குப் பயப்படாதீங்க."

உண்மைதான். வாயைத் திறக்கும்போதெல்லாம் நாற்பது பேர் எதிரில் நிற்கிறார்கள்.

மே 10 கடைசி நாள். விசாரணை எல்லாம் எதற்கு அண்ணா? நீ அங்கேயே பிறந்து, அங்கேயே தொழில் செய்கிறவன். தொலைபேசியை எடு. ஒரே ஒரு தடவை சொல்லு. வைத்துவிடு.

தங்கை

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு இருவரும் நலம். உன் தொண்டைக்காக உன் அண்ணி ஒரு கம்பளித் துணி தைத்திருக்கிறாள். தனி அஞ்சலில் வரும்.

விசாரணை மூன்று இடங்களில் நடைபெற்றது: பேருந்து நிறுத்தம், முடிதிருத்தகம், காய்கறிச் சந்தை. குறிப்பேட்டில் கட்டம் போட்டு, "நம் ஊரின் பெயரை நீங்கள் எவ்வாறு உச்சரிக்கிறீர்கள்?" என்று முப்பத்தொரு பேரிடம் கேட்டேன். இருபத்தொன்பது பேர் எழுத்துப் பிசகாமல் ஐந்து அசையையும் சொன்னார்கள். ஒருவர் ஊர்ப் பெயருக்குப் பதிலாகத் தம் பெயரையும் தந்தை பெயரையும் முகவரியையும் சொன்னார். ஒருவர், "சார், நான் எதுவும் பண்ணலையே" என்று நடையைக் கட்டிவிட்டார்.

எனக்கு ஐயம் எழுந்தது. முடிதிருத்துபவரிடம், "உண்மையாகவே நீங்கள் வீட்டிலும் இப்படித்தான் சொல்வீர்களா?" என்று குறுக்கு விசாரணை செய்தேன்.

"வீட்ல எப்படியோ சொல்லுவோம் சார். நீங்க நோட்டும் பேனாவுமா வந்து நின்னா, பத்திரத்துல இருக்கற மாதிரிதான் சொல்லுவோம். எதுக்கு வம்பு?"

அதாவது, சாட்சிகள் அனைவரும் நான் கேட்ட காரணத்தாலேயே கெட்டுவிட்டனர். எனவே குறிப்பேட்டை மூடிவிட்டு, அதே முடிதிருத்தகத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி நான்கு மணி நேரம் அமர்ந்திருந்தேன். சும்மா அமர்ந்திருப்பது நியாயமாகாது என்பதால் ஒருமுறை முடி வெட்டிக்கொண்டேன். மறுமுறை வெட்ட எதுவும் மிஞ்சவில்லை.

அந்த நான்கு மணி நேரத்தில் ஒருவர் கூட நம் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. "ஊருக்கு எப்ப வந்தே?" என்கிறார்கள். "ஊருக்குள்ள ஒரே தூசி" என்கிறார்கள். நடத்துநர், பேருந்து நின்றதும், "வந்தாச்சு, இறங்குங்க" என்கிறார். ஊருக்குள் இருப்பவனுக்கு ஊரின் பெயர் தேவைப்படுவதில்லை. ஐம்பத்தொரு வருடம் இங்கே வாழ்ந்தும் இதை நான் கவனித்ததில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

விசாரணை இந்நிலையில் ஒத்திவைக்கப்படுகிறது.

அண்ணன்

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

கம்பளித் துணி வந்தது. கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் மொட்டைத் தலையை நினைத்துச் சிரித்ததில் இருமலே வந்துவிட்டது, தவறு உன்னுடையது.

பெயரை யார் சொல்வார்கள் என்று யோசித்தேன். ஊரைவிட்டு வெளியே இருக்கிறவர்கள்தான் சொல்வார்கள், அதுவும் திரும்பி வரும்போது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஜங்ஷனில், டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் போய் நில். கையில் பையும் காலில் அலுப்புமாக வருகிறவன், கவுன்டர் துளைக்குள் வாயை வைத்து ஊர்ப் பெயரைச் சொல்லும்போது வக்கீலுக்காகச் சொல்லமாட்டான். நோட்டைக் கொண்டுபோகாதே. முழங்காலுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோ.

இன்னும் தொலைபேசிக்குக் காத்திருக்கிறேன் என்பதையும் நீ கவனிக்கலாம்.

தங்கை

ஏப்ரல் 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மடக்கு நாற்காலி பயனுள்ளதாக இருந்தது.

24ஆம் தேதி காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை ஜங்ஷனில் இருந்தேன். நம் ஊருக்குப் பயணச்சீட்டு கேட்டவர்கள் பதினெட்டு பேர். அவர்களில் பதினொருவர் நான் முகம் அறிந்த உள்ளூரார். பதினொருவரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். முதல் அசையில் காலை ஊன்றி, அடுத்த இரண்டையும் குட்டையைத் தாண்டுவது போலத் தாண்டி, கடைசி இரண்டில் பையைத் தரையில் இறக்கி வைப்பது போல இறங்கிவிடுகிறார்கள். ஏனைய எழுவரும் ஐந்து அசையையும் எண்ணி எண்ணி வைத்தார்கள். எழுத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

என் கருத்தையும் கேட்டுக்கொள். அறிவிப்பு என்பது யாருக்காக? உள்ளூரானுக்கு அது வேண்டியதில்லை. மரம் அறுக்கும் மில்லின் வாசனை வந்ததுமே அவன் எழுந்து நின்றுவிடுகிறான். இறங்கும் இடம் தெரியாத வெளியூரானுக்காகவே அறிவிப்பு இருக்கிறது. அவன் கையிலுள்ள சீட்டில் ஐந்து அசை அச்சாகியிருக்கிறது. காதிலும் ஐந்து விழவேண்டும். மறுபுறம், நம் ஊரார் இருநூறு பேர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்ற நிலையில் முடிவை உன்னிடமே விடுகிறேன்.

திரும்பும் பயணத்துக்கு நானும் அதே இடத்தில் சீட்டு வாங்கினேன். அது தொடர்பாகக் குறிப்பிடத்தக்க எதுவும் நிகழவில்லை.

அண்ணன்

ஏப்ரல் 29

அன்புள்ள நாத்தனாருக்கு,

நல்லா இருக்கியா? துணி கழுத்துக்குச் சரியா இருந்ததா? உன் அண்ணன் எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். "குறிப்பிடத்தக்க எதுவும் நிகழவில்லை" என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இது. நம் சந்தையில் கடை போட்டிருக்கும் காய்கறிக்கார அம்மா அன்றைக்கு ஜங்ஷன் வரிசையில் இவருக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள். இவர் கவுன்டரில் குனிந்து, தொண்டையைச் சரிசெய்து, நீதிபதி முன்னால் சொல்வது போல ஐந்து அசையையும் சொல்லி ஒரு சீட்டு கேட்டிருக்கிறார். உள்ளே இருந்த பெண் சீட்டைக் கொடுத்துவிட்டு, "ஊருக்குப் புதுசா சார்? பயப்படாதீங்க, அறிவிப்பு போடுவாங்க. மரமில்லு வாசனை வந்தா எழுந்து நின்னுக்கோங்க" என்றாளாம்.

காய்கறிக்கார அம்மாதான் பின்னாலிருந்து, "அய்யய்யோ, இவரு எங்க ஊருதாம்மா! கோர்ட்டுல பேசிப் பேசி நாக்கு இப்படி வெறைச்சுப் போச்சு!" என்று வக்காலத்து வாங்கியிருக்கிறாள். வரிசையே சிரித்திருக்கிறது. மறுநாள் என் கடையில் அளவு கொடுக்க வந்த ஒன்பது பேருக்கும் அவளே நடித்தும் காட்டினாள்.

நான் இந்த ஊருக்கு வாழ வந்து இருபத்திரண்டு வருஷம். இந்தத் தையல் கடையில் உட்கார்ந்து பேசிப் பேசி, பெயர் எனக்கு ஊர்க்காரர்கள் மாதிரியே வரும். இங்கேயே பிறந்த இவருக்கு வராது. இது எனக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரியும். மனசு நோகும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தாரே, அப்போதே சொல்லியிருக்கணும். தப்பு என் பேரிலும் இருக்கு.

ஜங்ஷனிலிருந்து வந்த ராத்திரிச் சாப்பாட்டில் மூணு தடவை கேட்டார்: "அவ போன பஸ்ஸு காலையில எத்தனை மணிக்கு இருந்திருக்கும்?" எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை.

நான் எழுதியது தெரிய வேண்டாம்.

அண்ணி

மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா? நாக்கு நலமா?

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. வரிசையில் நிறைய பேர் நின்றிருந்தார்கள். சாட்சியிடம் சில கேள்விகள். ஜங்ஷன் கவுன்டரில் உன்னை வெளியூர்க்காரன் என்று நினைத்தார்களா, இல்லையா? "இரைச்சல்" என்று நீ தொலைபேசியைத் தவிர்த்தது இரைச்சலாலா, வேறு காரணத்தாலா? நாற்பது பேர் முன்னால் நீ சிரித்தபோது உன் வாயில் அந்தப் பெயர் எத்தனை அசையாக இருந்தது? அவசரமில்லை, யோசித்துப் பதில் சொல்.

இனி நல்ல சேதி. அந்தக் கதை தெரிந்த அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் ஒலிப்பதிவு அறைக்குப் போனேன். "என்ன மேடம்?" என்று காதுக்காரர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "எங்க அண்ணன், பெரிய வக்கீலு, சொந்த ஊருக்கே டிக்கெட் கேட்டு நிக்கிறாரு, எந்த ஊருக்கு..." என்று சொல்லி, ஊர்ப் பெயரையும் சொல்லிச் சிரித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"போதும் மேடம். இனிமே சொல்லாதீங்க. விழுந்துடுச்சு."

போட்டுக் காட்டினார். முதல் அசையில் கால் ஊன்றி, குட்டையைத் தாண்டி, பையை இறக்கி வைத்து... நீ எழுதியது போலவேதான் இருந்தது. கடைசியில் ஒரு துளி சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டி எடுக்கப் பார்த்தார். எடுத்தால் பெயரும் கூடவே போய்விடுகிறதாம். அப்படியே விட்டுவிட்டோம்.

வெளியூர்க்காரனைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கும் வழி கிடைத்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு அறிவிப்பு. "அடுத்து வருவது" என்று ஒன்று. நின்றதும் "வந்து சேர்ந்தது" என்று ஒன்று. முதலாவதில் ஐந்து அசையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன், சீட்டைப் பார்த்து எழுந்திருப்பவனுக்காக. இரண்டாவதில் நம் ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி. கதவு திறக்கிற வரைக்கும் அவன் வெளியூரான். திறந்த பிறகு நம்மாள்.

ரயில்வேயின் மேற்பார்வை அம்மா நெற்றியைச் சுருக்கினார். "ஒரே பேரை ரெண்டு விதமாவா? பத்துப் புகார் வந்தா என்னால காப்பாத்த முடியாதும்மா." சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே 20 முதல் ஜூன் 19 வரை சோதனை. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

தங்கை

ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எழுதி நாற்பத்தாறு நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேலி அதிகமாகிவிட்டதா? உடம்பு சரியில்லை என்றால் அண்ணி எழுதியிருப்பார்கள். ஆகவே உடம்பு இல்லை, வேறு ஏதோ என்று எடுத்துக்கொள்கிறேன்.

சோதனை முடிந்தது. நம் நிலையத்தின் புகார்ப் புத்தகத்தை மேற்பார்வை அம்மா என் எதிரிலேயே பிரித்தார். முதல் வாரம் ஆறு. "அடுத்து வருவது ஒரு ஊர், வந்து சேர்ந்தது வேறு ஊர், இறங்குவதா வேண்டாமா?" என்று ஒருவர். "எங்கள் ஊர்ப் பெயரில் முதலாவது தவறு" என்று மூவர். "இரண்டாவது தவறு" என்று ஒருவர். "குளிர்சாதனம் ஒழுகுகிறது" என்று ஒருவர்; அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் ஒன்று. பிறகு பழகிவிட்டார்கள் போல. மொத்தம் ஒன்பது. எனக்கு மூச்சு வந்தது.

அம்மா பக்கத்தைத் திருப்பினார். கடைசி நாளில் பத்தாவது ஒன்று இருந்தது.

அவர் வாய்விட்டுப் படித்தார்: "மேற்படி நிலையத்தில் மேற்படி பெயர் மேற்படி குரலில் வண்டிக்கு ஒருமுறை மட்டுமே முறையாக ஒலிக்கிறது. மேற்படி பெயரின் முடிவில் கேட்கும் சிரிப்பு முற்றிலும் நியாயமானது. அதற்கு உரியவர் அதை மறுக்கவில்லை. எனினும் ஒருமுறை போதவில்லை என்பதே புகார்." கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை. நான்கு "மேற்படி" இருந்தன.

"இது புகாரா, பாராட்டா? எந்தக் கட்டத்துல போடறது?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் இல்ல மேடம். எங்க அண்ணன் மன்னிப்பு கேக்கறாரு. அவருக்கு இப்படித்தான் வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் "புகார் அன்று" என்று எழுதி முத்திரை வைத்தார். வேலை எனக்கே.

அண்ணா, பாராட்டை எழுத உனக்கு உலகத்தில் வேறு தாளே கிடைக்கவில்லையா? அந்தப் புத்தகத்திலா எழுதுவாய்? உன் அன்பு என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்!

தங்கை

ஜூலை 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அந்தப் புத்தகத்தில் ஏற்கெனவே எத்தனை புகார் இருக்கிறது என்று முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் பிறருக்கு, "கையெழுத்திடுமுன் முழுவதும் படியுங்கள்" என்று சொல்லி வந்தவன் அதைச் செய்யவில்லை. நிலையத்தில் பாராட்டுப் புத்தகம் என்று ஒன்று இல்லை. விசாரித்தேன். "அதெல்லாம் யாரும் கேட்டதில்ல சார்" என்றார்கள்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுதிக்கொண்டிருந்ததே. மே மாதம் முதல் ஆறு கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றும், "எவ்வித உரிமைக்கும் பாதகமின்றி" என்று தொடங்கியது. ஆறையும் உன் அண்ணி படித்துவிட்டு, "இது தங்கச்சிக்கா, எதிர்க்கட்சி வக்கீலுக்கா?" என்று கேட்டுத் திருப்பித் தந்தாள். இது ஏழாவது.

நான் அன்று சிரித்தது தவறு. நிபந்தனை எதுவும் இல்லை.

உன் கேள்விகளுக்குப் பதில். ஆம், என்னை வெளியூரான் என்று நினைத்தார்கள். தொலைபேசியைத் தவிர்த்தது இரைச்சலால் அன்று. பெயர் என் வாயில் எப்படி வரும் என்பது எனக்குப் பல வருடங்களாகவே ஐயமாக இருந்தது. நீ கேட்டுவிடுவாய் என்று அஞ்சினேன். விழாவில் உன் வாயில் ஐந்து அசை கேட்டபோது, அது என் குரல் போலவே இருந்தது. பிறர் கவனிக்குமுன் உன்னைக் காட்டிச் சிரித்துவிட்டேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடமும் ஒரு டிக்கெட் கவுன்டரும் தேவைப்பட்டன.

சோதனை மாதத்தில், நீதிமன்றத்துக்கு நடந்தே போகலாம் என்றாலும், ஒவ்வொரு நாளும் ஒரு நிலையம் முன்னால் போய், அங்கிருந்து ரயிலேறி வந்தேன். கதவு திறக்கும்போது நீ பெயரைச் சொல்லிச் சிரிக்கிறாய். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று பெட்டியில் எனக்கு மட்டுமே தெரியும். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு வண்டிகள். எனக்கு இது போதுமான தண்டனை. குறைக்கும்படி மேல்முறையீடு செய்ய எண்ணமில்லை.

முழங்கால் பரவாயில்லை. மாடியறையைத் தூசி தட்டச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன்

ஜூலை 13

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைக் காதுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "சாரோட குரலையும் ஒரு தடவை பதிவு பண்ணணும் மேடம்" என்கிறார். விட்டுவிடுங்கள், பிழைத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, மாலை நாலரை வண்டி. ஆறு நாள் விடுப்பு. இந்த முறை மறுநாள் முதல் பேருந்தில் கிளம்பமாட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நீ நடைமேடைக்கு வரவேண்டும். கதவு திறக்கும்போது என் குரல் பெயரைச் சொல்லும். அது முடிந்ததும் நீ சொல்லவேண்டும், சத்தமாக, நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரி. எத்தனை அசையாக வந்தாலும் சரி. நான் சிரிக்கமாட்டேன் என்று உறுதி தர இயலாது.

அண்ணிக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கி வைத்திருக்கிறேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை

ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் நிபந்தனை பரிசீலிக்கப்பட்டது. மூன்று நாட்களாக உன் அண்ணி எனக்குப் பயிற்சி அளித்துப் பார்த்தாள். தையல் கடைக்கு வந்தவர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காய்கறிக்கார அம்மா இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, "இவருக்கு வராதும்மா, விட்டுடு, ரெண்டு கிலோ தக்காளி வாங்கிக்க" என்று போய்விட்டாள்.

ஆயினும் என் விசாரணையில் நிரூபிக்கப்பட்ட ஒரு செய்தி உனக்கு நினைவிருக்கும். நம் ஊருக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நடைமேடை நம் ஊர் எல்லைக்குள் இருக்கிறது. நில அளவைப் படத்தில் சரிபார்த்துவிட்டேன். எனவே 28ஆம் தேதி மாலை நாலரைக்கு, உனக்கு மரமில் வாசனை வரும்போதே நான் நடைமேடையில் எழுந்து நிற்பேன். நீ பெயரைச் சொல்லிச் சிரித்து முடித்த பிறகு, உள்ளூரான் சொல்வதைத்தான் நானும் சொல்வேன், நான்கு பேருக்குக் கேட்கும்படி.

வந்தாச்சு. இறங்கு.

அண்ணன்